65 ஆல் பெருக்காதீர்கள்: சிங்கப்பூருக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒரு செலவுக் கணக்கு

சிங்கப்பூருக்கு வந்து இறங்குபவர்கள் முதல் வாரத்தில் எந்த விலையைப் பார்த்தாலும் ரூபாய்க்கு மாற்றிப் பெருக்குகிறார்கள். காப்பிக்கடையில் ஒரு டீ 1 வெள்ளி 40 காசு (சிங்கப்பூர் டாலரைத்தான் இங்கே வெள்ளி என்கிறோம்). ஒரு வெள்ளிக்கு 65 ரூபாய் என்று வைத்தால் 91 ரூபாய். டீ தொண்டையில் இறங்காது. அதே ஆள் 6,000 வெள்ளிச் சம்பளத்தையும் 65 ஆல் பெருக்கி, மாதம் 3,90,000 ரூபாய் என்று பூரித்துப்போகிறார். இரண்டுமே தவறான கணக்கு. முதலாவது வயிற்றைக் காயப்போட வைக்கிறது. இரண்டாவது, ஊரில் மனைக்கு முன்பணம் கொடுக்க வைக்கிறது. இரண்டாவதில்தான் ஆபத்து அதிகம்.

இங்கே சம்பாதித்து, இங்கேயே வாழ்ந்து, மாதக் கடைசியில் கையில் என்ன நிற்கிறதோ அந்தத் தொகையை மட்டும் ரூபாயாக மாற்றிப் பாருங்கள். அதுவரை எல்லாம் வெள்ளியிலேயே இருக்கட்டும். சென்னையிலிருந்து எம்ப்ளாய்மென்ட் பாஸில் (நிபுணத்துவ, அலுவலக வேலைகளுக்கான அனுமதி) வரும் ஒரு சிறு குடும்பத்தை மனத்தில் வைத்து இந்த வழிமுறையை எழுதுகிறேன். ஒர்க் பெர்மிட்டில் வரும் தொழிலாளர்களின் கணக்கு வேறு; அதைத் தனியாகச் சொல்கிறேன். விலைகள் 2024, 2025 நிலவரத்தை ஒட்டிய தோராயம். நாணய மாற்று விகிதமும் நாளுக்கு நாள் நகரும். கணக்குப் போடும் முறையை எடுத்துக்கொண்டு, எண்களுக்குப் பதிலாக உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

தொடங்கும் முன், 'உலகின் விலை உயர்ந்த நகரங்கள்' பட்டியல்களைப் பற்றி ஒரு வார்த்தை. எகனாமிஸ்ட் இன்டெலிஜென்ஸ் யூனிட்டின் 2023ஆம் ஆண்டுப் பட்டியலில் சிங்கப்பூரும் ஜூரிக்கும் சேர்ந்து முதலிடம். மெர்சர் நிறுவனத்தின் 2024 பட்டியலில் ஹாங்காங்குக்கு அடுத்த இடம். இவற்றைப் பார்த்துப் பயந்து வேலையை வேண்டாம் என்றவர்கள் உண்டு. அந்தப் பட்டியல்கள் பொய்யல்ல. ஆனால் அவை அளப்பது வேறொரு வாழ்க்கையை. சொந்தக் கார், மது, நல்ல வட்டாரத்தில் பெரிய வீடு என்று வாழும் ஒருவரின் கூடையை அவை விலை பார்க்கின்றன. சிங்கப்பூரில் கார் வாங்குவதற்கு முன் வாகன உரிமைச் சான்றிதழை ஏலத்தில் எடுக்க வேண்டும். அதன் ஆயுள் 10 ஆண்டுதான். 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான சான்றிதழ் மட்டுமே 1,50,000 வெள்ளியைத் தாண்டியது. கார் வாங்காதவருக்கு இந்தத் தொகை எந்த வகையிலும் பொருந்தாது. பஸ்ஸிலும் எம்.ஆர்.டி. ரயிலிலும் போய்வந்து, வீட்டில் சாதம் வடித்துச் சாப்பிடும் குடும்பத்துக்கு இந்த ஊர் அந்தப் பட்டியல் சொல்வதைவிட எவ்வளவோ மலிவு. வாடகையும் பிள்ளையின் பள்ளிக் கட்டணமும் மட்டும் விதிவிலக்கு.

படி 1: ஊர்ச் செலவை முதலில் எழுதுங்கள்

ஒப்பிட இரண்டு பக்கம் வேண்டும். பெரும்பாலோர் சிங்கப்பூர்ப் பக்கத்தை மட்டும் ஆராய்ந்துவிட்டு, சென்னைப் பக்கத்தைக் குத்துமதிப்பாக வைத்துக்கொள்கிறார்கள். கிளம்பும் முன் கடைசி மூன்று மாத வங்கிக் கணக்கு விவரத்தையும் ஜிபே, போன்பே பட்டியலையும் எடுத்து உட்காருங்கள். வாடகை அல்லது வீட்டுக் கடன், மளிகை, பால், காய்கறி, பெட்ரோல், மின்சாரம், பள்ளி, மருந்து, வெளிச் சாப்பாடு எல்லாவற்றையும் பிரியுங்கள்.

பிறகு, காசு கொடுக்காமல் கிடைப்பவற்றை எழுதுங்கள். பள்ளி விட்டதும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் அம்மா. மாமனார் வீட்டிலிருந்து வரும் அரிசி மூட்டை, தேங்காய். வாடகையில்லாத சொந்த வீடு. மாதம் சில ஆயிரத்துக்கு வந்து பாத்திரம் துலக்கிப்போகும் அக்கா. இவை எதுவும் விமானத்தில் உங்களோடு வராது. ஒவ்வொன்றுக்கும் சிங்கப்பூரில் ஒரு விலை உண்டு, அல்லது நீங்களே செய்ய வேண்டும்.

இன்னொன்று, மனைவியின் (அல்லது கணவரின்) சம்பளம். 2021 மே முதல், சார்ந்திருப்போர் அட்டையில் (டிபென்டன்ட் பாஸ்) வருபவர் வேலை பார்க்க வேண்டுமானால் தனக்கென்று ஒரு வேலை அனுமதி பெற்றாக வேண்டும். முன்பு போல எளிய ஒப்புதல் கடிதம் போதாது. எனவே துணைவருக்கு இங்கே வேலை உறுதியாகும்வரை, ஊரில் விட்டுவிட்டு வரும் அவருடைய சம்பளத்தைச் செலவுப் பக்கத்தில் எழுதுங்கள். குடும்பத்தையே அழைத்துவர வேண்டுமானால் உங்கள் நிலையான மாதச் சம்பளம் 6,000 வெள்ளியாவது இருக்க வேண்டும் என்பது மனிதவள அமைச்சின் விதி. பெற்றோரை நீண்டகால வருகை அட்டையில் அழைத்துவர 12,000 வெள்ளி வேண்டும். அம்மா வந்து பிள்ளையைப் பார்த்துக்கொள்வார் என்று திட்டமிடும் முன் இந்த எண்ணைப் பாருங்கள்.

படி 2: கைக்கு வரும் சம்பளம் எவ்வளவு

நம் ஊர் பி.எஃப். போன்ற மத்திய சேம நிதிக்கான பிடித்தம் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே. வேலை அனுமதியில் இருப்பவருக்கு அது கிடையாது. வருமான வரியையும் இந்தியாவில் போல மாதாமாதம் பிடிப்பதில்லை. அதனால் 6,000 என்றால் 6,000மும் முழுதாக வந்து நிற்கும். புதியவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். இந்த ஆண்டு வருமானத்துக்கான வரி அடுத்த ஆண்டு வரும். மார்ச் தொடங்கி ஏப்ரல் 18க்குள் இணையத்தில் கணக்குக் காட்ட வேண்டும். சில மாதம் கழித்து வரிக் கடிதம் வரும்போது கையில் காசிருக்காது.

கணக்கு எளிதுதான். ஆண்டில் 183 நாளோ அதற்கு மேலோ இங்கிருந்தால் வரிவாசி, அதாவது வரிக் கணக்கில் உள்ளூர்வாசி. முதல் 20,000 வெள்ளிக்கு வரி இல்லை. அடுத்த 10,000க்கு 2 விழுக்காடு, அதற்கடுத்த 10,000க்கு 3.5, அதன் பின் வரும் 40,000க்கு 7. ஆண்டுக்கு 72,000 வெள்ளி வாங்குபவர், சம்பாதிப்பவருக்கான 1,000 வெள்ளிக் கழிவு போக 71,000க்கு 2,720 வெள்ளி கட்டுவார். துணைவர், பிள்ளைக்கான கழிவுகள் கிடைத்தால் இன்னும் குறையும். மாதம் 200 முதல் 230 வெள்ளியை முதல் மாதத்திலிருந்தே தனிக் கணக்கில் ஒதுக்குங்கள். வரியை ஜைரோ (வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கும் முறை) மூலம் 12 தவணையாக வட்டியில்லாமல் கட்டவும் வழி உண்டு, அதைத் தேர்ந்தெடுங்கள்.

வேலையை விட்டு நாடு திரும்பும்போது, வரிக் கணக்கு முடியும்வரை முதலாளி உங்கள் கடைசிச் சம்பளத்தை நிறுத்திவைக்க வேண்டும் என்பது சட்டம். அதையும் இப்போதே நினைவில் வையுங்கள்.

படி 3: வீடு

உங்கள் கணக்கு முழுவதையும் தீர்மானிக்கப்போவது இதுதான். மற்ற எல்லாச் செலவிலும் சேர்த்து மிச்சம் பிடிப்பதை, வாடகையில் எடுக்கும் ஒரு முடிவு விழுங்கிவிடும், அல்லது இரட்டிப்பாக்கிவிடும்.

பெரும்பாலோர் குடியிருப்பது வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடிகளில்; ஊர்வழக்கில் வீவக வீடு. மூவறை வீடு என்று விளம்பரம் இருந்தால் கூடத்தையும் சேர்த்து எண்ணியிருக்கிறார்கள் என்று பொருள். படுக்கையறை இரண்டுதான், ஏறக்குறைய 700 சதுர அடி. நாலறை என்றால் மூன்று படுக்கையறை. மூவறை வீடு முழுவதற்கும் வாடகை 2,500 முதல் 3,000 வெள்ளி வரை. நகர நடுவிலிருந்து தள்ளி உட்லண்ட்ஸ், ஈசூன், சுவா சூ காங் பக்கம் போனால் குறையும். கொண்டோமினியம் எனப்படும் தனியார் அடுக்குமாடியில் நீச்சல்குளம் உண்டு. வாடகை எங்கோ போய்விடும். முதல் ஆண்டு அது தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து.

தனியாளாக வருபவர் அறை எடுப்பதே முறை. சாதாரண அறை 800 முதல் 1,200 வெள்ளி. அறை விளம்பரத்தில் வாடகையைவிட முக்கியமான வரிகள் சில உண்டு. 'சமையல் கூடாது', 'எளிய சமையல் மட்டும்', 'முழுச் சமையல்' என்று மூன்று வகை. எளிய சமையல் என்றால் நூடுல்ஸ் வேகவைக்கலாம், முட்டை பொரிக்கலாம். கடுகு தாளித்துச் சாம்பார் வைத்தால் வீட்டுக்காரர் முகம் மாறும். 'ஏசி இரவு 9 முதல் காலை 7 வரை', 'துணி துவைப்பது வாரம் ஒரு முறை', 'விருந்தினர் தங்கக் கூடாது' என்றும் இருக்கும். சமையல் கூடாத அறை 150 வெள்ளி குறைவாகக் கிடைத்தால் அது லாபமல்ல. மூன்று வேளையும் வெளியே சாப்பிட்டால் அந்த 150ம் மேலே இன்னொரு 150ம் போய்விடும். எனவே அறை வாடகையையும் சாப்பாட்டுச் செலவையும் ஒரே வரியாகக் கூட்டித்தான் ஒப்பிட வேண்டும்.

வீடு பிடிக்கும்போது செய்ய வேண்டியவை: நேரில் பார்க்காமல் ஒரு காசும் அனுப்பாதீர்கள். 'பார்க்க வருவதற்கே முன்பணம்' என்று கேட்பவர் மோசடிக்காரர். முகவர் என்று சொல்பவரின் பெயரும் கைப்பேசி எண்ணும் சொத்து முகவர் மன்றத்தின் பொதுப் பதிவேட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டுக்காரர் வாடகைக்கு விட வீவகவின் அனுமதி பெற்றிருக்க வேண்டும். உங்கள் பெயரைக் குடியிருப்பவராகப் பதிவும் செய்ய வேண்டும். வீவக வீட்டை ஆறு மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விடுவது விதிமீறல். வாடகைக்கு இருப்பவர் தன் அறையை இன்னொருவருக்கு உள்வாடகை விடுவதும் அப்படியே. அப்படிக் கிடைக்கும் மலிவான இடத்தில் ஒரு நாள் சோதனை வந்தால் பெட்டியோடு வெளியே நிற்பது நீங்கள்தான்.

ஒப்பந்தத்தில் நான்கு இடங்களை விரல் வைத்துப் படியுங்கள். முதலாவது, வைப்புத்தொகை. ஓராண்டு ஒப்பந்தத்துக்கு ஒரு மாத வாடகையும், ஈராண்டுக்கு இரண்டு மாத வாடகையும் வைப்புத்தொகையாகக் கேட்பது வழக்கம். சென்னையின் பத்து மாத முன்பணத்தோடு ஒப்பிட்டால் இது மனத்துக்குக் குளிர்ச்சிதான். இரண்டாவது, 'டிப்ளமாடிக் கிளாஸ்' எனப்படும் பிரிவு. வேலை போய் நாடு திரும்ப நேர்ந்தால், முதல் 12 மாதத்துக்குப் பிறகு இரண்டு மாத முன்னறிவிப்போடு வெளியேற அது வழிவிடும். ஈராண்டு ஒப்பந்தத்தில் இந்தப் பிரிவு இல்லாவிட்டால் கையெழுத்துப் போடாதீர்கள். மூன்றாவது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏசியைச் சுத்தம் செய்யும் செலவும் சிறு பழுதுகளும் யார் தலையில் என்பது. பெரும்பாலும் வாடகைதாரர் தலையில்தான். நான்காவது, முத்திரைத் தீர்வை. மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு, இதையும் வாடகைதாரரே கட்ட வேண்டும். 2,800 வெள்ளி வீதம் 24 மாதம் என்றால் 67,200. அதற்குத் தீர்வை 268 வெள்ளி. கையெழுத்திட்ட 14 நாளுக்குள் கட்டிவிட வேண்டும். சாவியை வாங்கிய அன்றே சுவர்க் கறை, கீறல், உடைந்த கைப்பிடி எல்லாவற்றையும் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். வெளியேறும்போது வைப்புத்தொகையைக் காப்பாற்றப்போவது அந்தப் படங்கள்தான்.

இதையெல்லாம் கூட்டினால், முதல் மாதம் கையில் எவ்வளவு இருக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். தனியாளுக்கு அறை வாடகை 1,000, வைப்புத்தொகை 1,000, முகவர் கட்டணம் இருந்தால் அரை மாத வாடகை, தீர்வை சுமார் 50, வீடு கிடைக்கும்வரை தற்காலிகத் தங்கல், மெத்தை, போர்வை, பாத்திரம், சிம் கார்டு, பயண அட்டை, ஒரு மாதச் சாப்பாடு. சம்பளமோ மாதம் முடிந்த பிறகுதான் வரும். சம்பளக் காலம் முடிந்து ஏழு நாளுக்குள் கொடுத்தால் போதும் என்பது சட்டம். எனவே 4,000 வெள்ளியாவது கையில் இல்லாமல் விமானம் ஏற வேண்டாம். குடும்பத்தோடு முழு வீடு எடுப்பவருக்கு இது 10,000 வெள்ளியை நெருங்கும்.

படி 4: மின்சாரம், தண்ணீர், தொலைபேசி

தமிழ்நாட்டில் 2025 நிலவரப்படி இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அதற்கு மேல் படிப்படியாகக் கட்டணம் ஏறும். இங்கே இலவசமும் இல்லை, படியும் இல்லை. முதல் யூனிட்டிலிருந்தே ஒரு யூனிட் 30 காசு அளவில். படுக்கையறை ஏசி மணிக்கு ஒரு யூனிட் இழுக்கிறது என்று வைத்தால், இரவு எட்டு மணி நேரம் ஓடினால் மாதம் 240 யூனிட், 72 வெள்ளி. விசிறியில் தூங்கப் பழகிய குடும்பத்துக்கு இது அப்படியே மிச்சம். குழாய்த் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்கலாம். ஆகவே கேன் தண்ணீர்ச் செலவு பட்டியலிலிருந்து அடிபடும். மூவறை வீட்டுக்கு மின்சாரம், தண்ணீர், எரிவாயு சேர்த்து 150 வெள்ளி போடலாம்.

ஒப்பந்தமில்லாத கைப்பேசித் திட்டம் 10 முதல் 20 வெள்ளி, வீட்டு இணையம் 30 முதல் 40. பஸ், ரயில் கட்டணம் தொலைவைப் பொறுத்து ஒரு பயணத்துக்கு 1 வெள்ளி சொச்சத்திலிருந்து இரண்டரை வெள்ளி வரை. பஸ்ஸிலிருந்து ரயிலுக்கு மாறினாலும் ஒரே பயணமாகவே கணக்கிடுவார்கள். காலை 7.45க்கு முன் ரயில் நிலையத்துக்குள் நுழைந்தால் 50 காசு வரை சலுகை உண்டு.

படி 5: சாப்பாடு

இதில்தான் இந்த ஊர் புதியவருக்குக் கை கொடுக்கிறது. உணவங்காடி நிலையங்கள் இங்கே சுற்றுலாக் காட்சியல்ல; ஊரே சாப்பிடும் இடம். 2020இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் அந்தப் பண்பாடு இடம்பெற்றது. கோழிச் சோறு 4 வெள்ளி சுமார். சாதத்தோடு இரண்டு மூன்று காய், மீன் என்று விரல் நீட்டிச் சொல்லி வாங்கும் கலவைச் சோறும் அப்படியே. லிட்டில் இந்தியாவிலுள்ள தேக்கா நிலையத்தில் சாதாத் தோசை 2 வெள்ளிக்குச் சற்று முன்பின். எழுதியிருக்கும் விலைதான் கொடுக்கும் விலை.

ஏசி போட்ட உணவகத்தில் கதை வேறு. பட்டியலில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருக்கும். ஒன்று 10 விழுக்காடு சேவைக் கட்டணம். இன்னொன்று 9 விழுக்காடு பொருள் சேவை வரி. வரியைச் சேவைக் கட்டணத்தின் மேலும் போடுவார்கள். 20 வெள்ளி பிரியாணி 22 ஆகி, பிறகு 23 வெள்ளி 98 காசாக மேசைக்கு வரும். எனவே கூட்டல் குறி இருக்கும் இடத்தில் எந்த விலையையும் ஐந்தில் ஒரு பங்கு கூட்டியே படியுங்கள்.

வீட்டுச் சமையலுக்கு மூன்று வகைக் கடையை ஒப்பிடுங்கள்: ஃபேர்பிரைஸ், ஷெங் சியோங் போன்ற பேரங்காடி, உங்கள் புளோக்குக்கு (அடுக்குமாடிக் கட்டடம்) அருகிலுள்ள ஈரச்சந்தை (மீன், காய்கறிச் சந்தை), லிட்டில் இந்தியாவின் மளிகைக் கடைகள். முட்டை, பால், எண்ணெய், ரொட்டிக்குப் பேரங்காடியின் சொந்த முத்திரைப் பொருள்களே மலிவு. மீனுக்குச் சந்தை. புழுங்கலரிசி, துவரம்பருப்பு, புளி, முருங்கைக்காய், சின்ன வெங்காயத்துக்குத் தேக்காவும் சிராங்கூன் சாலையும். பொன்னி அரிசி 5 கிலோ 10 முதல் 14 வெள்ளி. ஞாயிற்றுக்கிழமை மாலை அங்கே போகாதீர்கள். கூட்டத்தில் விலை பார்க்க முடியாது, பார்த்ததையெல்லாம் பையில் போட்டுக்கொண்டு வருவீர்கள். வார நாளில் காலையில் போங்கள்.

முதல் மாதம் மட்டும் ஒவ்வொரு ரசீதையும் வைத்துக்கொள்ளுங்கள். பத்துப் பதினைந்து பொருள்களை மட்டும் ஒரு தாளில் எழுதி, எங்கே என்ன விலை என்று குறியுங்கள். அரிசி, பருப்பு, எண்ணெய், பால், முட்டை, வெங்காயம், தக்காளி, கோழி, தயிர் போதும். ஒரு மாதத்தில் அந்தத் தாள், இணையத்தில் கிடைக்கும் எந்த ஒப்பீட்டுத் தளத்தையும்விட உங்களுக்குப் பயன்படும். ஏனென்றால் அது நீங்கள் சாப்பிடுவதை அளக்கிறது. அந்தத் தளங்களின் விலைகள் யாரோ பலர் தாமாக உள்ளிட்டவை. தோசைமாவுக்கு அங்கே இடமில்லை.

படி 6: குடிமகனுக்கு ஒரு விலை, உங்களுக்கு ஒரு விலை

நண்பர் ஒருவர் 'இங்கே மருத்துவமனை மலிவு, பள்ளி இலவசம் மாதிரிதான்' என்று சொன்னால், அவர் நிரந்தரவாசியா, குடிமகனா என்று முதலில் கேளுங்கள். அரசின் பலதுறை மருந்தகச் (பாலிகிளினிக்) சலுகை அவர்களுக்குத்தான். மெடிஷீல்டு லைஃப் காப்பீடும் அவர்களுக்கே. வேலை அனுமதியில் இருக்கும் நீங்கள் முழுக் கட்டணம் கட்ட வேண்டும். ஒர்க் பெர்மிட், எஸ் பாஸ் (நடுத்தரத் திறன் வேலைக்கான அனுமதி) ஊழியர்களுக்கு முதலாளி மருத்துவக் காப்பீடு எடுத்தாக வேண்டும். எம்ப்ளாய்மென்ட் பாஸ்காரர்களுக்கு அது கட்டாயமில்லை. எனவே வேலைக் கடிதத்தில் கையெழுத்திடும் முன், காப்பீடு உண்டா, மனைவி மக்களுக்கும் சேருமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பள்ளியும் அப்படியே. ஆசியான் நாடுகளைச் சேராத வெளிநாட்டுப் பிள்ளைக்கு அரசு தொடக்கப்பள்ளிக் கட்டணம் மாதம் ஏறக்குறைய ஆயிரம் வெள்ளி. உயர்நிலைப்பள்ளிக்கு இரு மடங்கு. இடம் கிடைப்பதும் உறுதியில்லை. தொடக்கநிலை இரண்டு முதல் நுழைவுத்தேர்வு உண்டு. சின்னப் பிள்ளைக்கு முழுநாள் பாலர் பள்ளியும் சலுகையின்றி ஆயிரத்தை ஒட்டியே வரும். வீட்டு வேலைக்கு ஆள் வைத்தால் சம்பளம், சாப்பாடு, காப்பீட்டுக்கு மேல் அரசுக்கு மாதம் 300 வெள்ளி தீர்வை. மணிக்கணக்கில் சுத்தம் செய்ய வருபவருக்கு மணிக்கு 20 வெள்ளிக்கு மேல்.

படி 7: காசை விட்டுவிட்டு நிமிடத்தில் ஒப்பிடுங்கள்

மாதம் 190 மணி நேர வேலை என்று வைப்போம். சிங்கப்பூரில் வரி போக 5,800 வெள்ளி என்றால் மணிக்கு 30 வெள்ளி, நிமிடத்துக்கு 50 காசு. சென்னையில் கைக்கு 80,000 ரூபாய் வந்திருந்தால் மணிக்கு 420, நிமிடத்துக்கு 7 ரூபாய்.

இப்போது அந்த டீயைப் பாருங்கள். 1.40 வெள்ளி, மூன்று நிமிட உழைப்பு. சென்னையில் 15 ரூபாய் டீ இரண்டு நிமிடம். 91 ரூபாய் என்று மலைத்ததெல்லாம் ஒரு நிமிட வேறுபாடுதான். ஒரு லிட்டர் பால் இரண்டு ஊரிலும் ஏழு நிமிடம். முடிவெட்ட இங்கே 12 வெள்ளி, 24 நிமிடம். அங்கே 150 ரூபாய், 21 நிமிடம். தோசையோ இங்கே நான்கு நிமிடம், அங்கே 60 ரூபாய்த் தோசைக்கு எட்டரை நிமிடம். வாடகைக்கு வாருங்கள்: வேளச்சேரியில் 22,000 ரூபாய் வீட்டுக்கு 52 மணி நேரம் உழைத்தீர்கள். இங்கே 2,800 வெள்ளி வீட்டுக்கு 93 மணி நேரம்.

எதில் கவனம் வைக்க வேண்டும் என்பது இதிலேயே தெரிகிறது. டீயைக் குறைத்து எவரும் மிச்சம் பிடித்ததில்லை. இடமும், இன்னொருவர் உழைப்பும்தான் இந்த ஊரில் விலை உயர்ந்தவை.

படி 8: மிச்சத்தை மட்டும் ரூபாயாக்குங்கள்

கணவன், மனைவி, நான்கு வயதுப் பிள்ளை. சம்பளம் 6,000. வாடகை 2,700, மின்சாரம் தண்ணீர் 150, மளிகை காய்கறி 600, வெளிச் சாப்பாடு 300, பயணம் 200, தொலைபேசி இணையம் 75, வரிக்கு ஒதுக்கியது 200, மருத்துவம் 150, ஆண்டுக்கொரு முறை ஊருக்குப் போகும் டிக்கெட்டுக்காக மாதம் 150, துணிமணி, கோயில், விசேஷம் என்று 150. மொத்தம் 4,675. மிச்சம் 1,325 வெள்ளி. இப்போது 65 ஆல் பெருக்குங்கள்: 86,125 ரூபாய்.

சென்னையில் கணவர் 80,000, மனைவி 50,000 என்று சம்பாதித்து, 75,000 செலவழித்து, 55,000 மிச்சம் பிடித்தார்கள் என்றால், சிங்கப்பூரில் 31,000 ரூபாய் கூடுதல். பிள்ளையைப் பாலர் பள்ளியில் சேர்த்ததும் ஆயிரம் வெள்ளி போய், மிச்சம் 325 வெள்ளி, அதாவது 21,125 ரூபாய். சென்னையில் நின்றதைவிடக் குறைவு! '3,90,000 ரூபாய்ச் சம்பளம்' என்று உறவினர் வியக்கும் அதே வேலைதான் இது. மனைவிக்கு இங்கே வேலை கிடைத்தால் கணக்கு தலைகீழாக மாறும். முதல் ஈராண்டு தனியாளாக அறையில் இருந்தாலும் மாறும். வேலையை ஏற்கும் முன் இந்த மூன்று வடிவங்களிலும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். சம்பளம் பேசும்போது வீட்டுப்படி, பள்ளிப்படி, காப்பீடு இவற்றில் ஒன்றையாவது கேட்டு வாங்க இந்தத் தாள் துணையிருக்கும்.

ஒர்க் பெர்மிட்டில் வருபவர்களுக்கு

கட்டுமானத்துக்கும் கப்பல் பட்டறைக்கும் வரும் நம் பிள்ளைகளுக்குத் தங்குமிடம் முதலாளி பொறுப்பு. அவர்களுடைய பெரிய செலவு ஊரிலேயே ஆரம்பித்துவிடுகிறது: ஏஜென்ட் பணம். மூன்று லட்சம் ரூபாயை நூற்றுக்கு மாதம் இரண்டு வட்டியில் வாங்கினால் வட்டி மட்டும் மாதம் 6,000. மாதம் 500 வெள்ளியை முழுதாக ஊருக்கு அனுப்பினாலும் கடன் அடையப் பத்து மாதத்துக்கு மேல் ஆகும். இடையில் வேலை போனால் கடன் மட்டும் நிற்கும்.

கிளம்பும் முன், மனிதவள அமைச்சின் கொள்கையளவிலான ஒப்புதல் கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். தொழிலாளரின் தாய்மொழியிலும் அது தரப்படுகிறது. அடிப்படைச் சம்பளம், படிகள், பிடித்தங்கள் எல்லாம் அதில் எழுதியிருக்கும். ஏஜென்ட் வாயால் சொன்ன எண்ணை மறந்துவிட்டு அதில் உள்ள அடிப்படைச் சம்பளத்தை வைத்தே கணக்குப் போடுங்கள், ஓவர்டைமைச் சேர்க்காதீர்கள். சிங்கப்பூர் முகவர் உங்களிடம் வாங்கக்கூடிய கட்டணம் அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம். முதலாளி அரசுக்குக் கட்டும் வெளிநாட்டு ஊழியர் தீர்வையை உங்கள் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. வேலை கொடுக்கவோ பெர்மிட்டைப் புதுப்பிக்கவோ பணம் கேட்பதும் குற்றம்.

ஊருக்குப் பணம் அனுப்பும்போது

'கட்டணம் இல்லை' என்ற பலகையை நம்பாதீர்கள். கட்டணத்தை விகிதத்துக்குள் ஒளித்துவைத்திருப்பார்கள். சந்தை விகிதம் 65 ஆக இருக்கும்போது 64.20 கொடுத்தால் ஆயிரம் வெள்ளிக்கு 800 ரூபாய் போயிற்று. 12 வெள்ளிக்கு மேல். ஆயிரம் வெள்ளி கொடுத்தால் எல்லாம் போக எத்தனை ரூபாய் கணக்கில் ஏறும் என்ற ஒரே கேள்வியை இரண்டு மூன்று இடத்தில் கேளுங்கள். சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் உரிமம் பெற்ற நிறுவனங்களை மட்டுமே நாடுங்கள். 2023 பிப்ரவரியிலிருந்து இங்குள்ள கைப்பேசிப் பணமாற்று முறையான பேநவ்வும் இந்தியாவின் யுபிஐயும் இணைக்கப்பட்டிருப்பதால், சிறு தொகைகளைக் கைப்பேசியிலேயே அனுப்பலாம். ஊரிலுள்ள பழைய சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றி, இங்கிருந்து அனுப்பும் பணத்துக்கு ஓர் என்.ஆர்.இ. கணக்கும் திறந்துகொள்ளுங்கள்; இரண்டும் வெளிநாட்டில் வாழும் இந்தியருக்கான வங்கிக் கணக்குகள். என்.ஆர்.இ. வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை.

பிறகு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை

மின்கட்டணம் காலாண்டுக்கு ஒருமுறை மாறுகிறது. பஸ், ரயில் கட்டணத்தை ஆண்டுக்கொரு முறை மறுஆய்வு செய்கிறார்கள். பெரும்பாலும் டிசம்பர் கடைசியில் புதிய கட்டணம் வரும். தாளை எடுத்து அந்த வரிகளை மட்டும் திருத்தினால் போதும். வாடகை ஒப்பந்தம் முடிய மூன்று மாதம் இருக்கும்போதே வேலையைத் தொடங்குங்கள். எந்த நகரில் எத்தனை அறை வீடு நடுநிலையாக என்ன வாடகைக்குப் போகிறது என்பதை வீவக ஒவ்வொரு காலாண்டும் தன் இணையத்தளத்தில் வெளியிடுகிறது. உங்கள் வட்டாரத்துக்கான எண்ணை எடுத்து வைத்துக்கொண்டு வீட்டுக்காரரிடம் பேசுங்கள். அவர் 300 வெள்ளி ஏற்றக் கேட்டு, பட்டியலில் வாடகை அசையாமல் இருந்தால், அதைக் காட்டிச் சொல்லுங்கள். ஒழுங்காக வாடகை கொடுக்கும் குடும்பத்தை இழந்து ஒரு மாதம் வீட்டைக் காலியாகப் போட எந்த வீட்டுக்காரருக்கும் மனம் வராது.